கண்டி வீதியும் வளைகோட்டின் அளவும்

நேரான கோடொன்றின் நீளத்தை அறிய ஓர் அளவுகோல் போதும். வளைந்த கோட்டை அளக்கப் புகுந்தாலோ அளவுகோல் உதவுவதில்லை. கோல் வளையாது, கோடு நிமிராது. கணித அறிஞரை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சிந்திக்க வைத்த இச்சிக்கல் ஏட்டளவில் நின்றுவிட்ட ஒன்றன்று. கொழும்பிலிருந்து கண்டி மாநகருக்கு ஏறும் வீதியையும் இருப்புப்பாதையையும் அமைத்தோர் இதனை மலைச்சாரலிலே நேருக்கு நேர் சந்தித்தனர்.

இலங்கைப் படத்தில் கொழும்பையும் கண்டியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அதன் நீளம் ஏறத்தாழ 59 மைல். வீதி வழியே செல்பவர் கடப்பது 72 மைல். புகையிரதத்தில் செல்பவர் கடப்பது ஏறத்தாழ 75 மைல். நேர்கோட்டிலே காணாத இந்த மைல்கள் எங்கிருந்து வந்தன? அவை வளைவுகளுக்குள்ளே மடிந்து கிடக்கின்றன.

கண்டி மன்னர் காலத்திலே தூரத்தைச் சங்கிலி கொண்டு அளக்கும் வழக்கம் இருக்கவில்லை. ஒருவன் கூவும் ஒலி எட்டும் தூரத்தைச் சிங்கள மக்கள் ‘ஹூவ’ என்றனர். தமிழரும் ‘கூப்பிடு’ என்றோர் அளவை வைத்திருந்தனர். நான்கு கூப்பிடு ஒரு காதம். செவியால் அளந்த இவ்வளவை நடந்து செல்பவனுக்குப் போதுமானதாக இருந்தது. வண்டிப் பாதை அமைப்பவனுக்கு அது போதாது. எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாள் செல்லும், எவ்வளவு கல் உடைக்க வேண்டும் என்பன எல்லாம் பாதையின் உண்மையான நீளத்தைப் பொறுத்தவை.

1815ஆம் ஆண்டிலே கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. மலைநாட்டைத் தம் பிடியில் வைத்திருக்க நல்ல வீதி இன்றியமையாதது என்பதைத் தேசாதிபதி எட்வேட் பான்ஸ் உணர்ந்தார். 1820ஆம் ஆண்டிலே தொடங்கிய வீதி வேலையை இராணுவப் பொறியியலாளர் கப்டன் டோசன் நெறிப்படுத்தினார். 1829ஆம் ஆண்டிலே அவர் மறைந்தார்; அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுந்த கோபுரம் இன்றும் நிற்கின்றது. ஆனால் மண்ணை வெட்டிச் சுமந்த கிராமத்தவரின் பெயர்கள் எக்கோபுரத்திலும் இல்லை. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையின் கீழ் அவர்கள் அழைக்கப்பட்டனர். அம்முறை 1832ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது. வரைபடத்திலே பொறியியலாளரின் எழுதுகோல் சிறிது வளைந்தால், மலையிலே அவ்வூழியரின் உழைப்பு நீண்டது.

அக்கால நில அளவையாளரின் கருவி, எட்மண்ட் கன்ரர் 1620ஆம் ஆண்டளவில் வகுத்த சங்கிலியாகும். நீளம் 66 அடி, கண்ணிகள் 100, இத்தகைய 80 சங்கிலி ஒரு மைல். இழுத்துப் பிடித்த சங்கிலி நேராகவே நிற்கும். ஆகவே வளைவிலே அது வில்லை அளப்பதில்லை, நாணையே அளக்கின்றது. நாண் எப்போதும் வில்லினும் குறுகியது. 10 சங்கிலி ஆரையுடைய வளைவிலே ஒரு சங்கிலிக்கு ஏற்படும் குறை அங்குலத்தில் மூன்றிலொரு பங்குதான். ஆரை 2 சங்கிலியாகக் குறுகினால் அக்குறை எட்டரை அங்குலமாகின்றது. சங்கிலியைப் பாதியாக மடித்து இருமுறை வைத்தால் குறை ஏறத்தாழ நாலிலொன்றாகின்றது. வளைவு கடுமையாகும்போது அளவைச் சிறிதாக்குக என்பதே இதனால் பெறப்படும் நெறி.

இருப்புப்பாதையின் கதை இன்னும் சுவையானது. 1858ஆம் ஆண்டிலே தேசாதிபதி சேர் ஹென்றி வாட் காலத்தில் தொடக்கவிழா நடைபெற்றது. 1864ஆம் ஆண்டிலே அம்பேபுசை வரையும், 1867ஆம் ஆண்டிலே கண்டி வரையும் வண்டி ஓடிற்று. இரம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,400 அடி. 45 அடி சென்றால் 1 அடி ஏறலாம் என்பது அங்கு கொள்ளப்பட்ட சாய்வு. பெருக்கிப் பார்த்தால் 63,000 அடி, அதாவது 12 மைல் அளவான பாதை தேவை. இங்கே முறை தலைகீழாகின்றது. கோட்டை வரைந்து பின் அளக்கவில்லை. வேண்டிய நீளத்தை முதலிற் கணித்து, அந்நீளம் வரும்வரை கோட்டை மலையைச் சுற்றி வளைத்தனர். வளைவு வீண் சுற்றன்று; மலை ஏறுவதற்குக் கொடுத்த விலை அது.

கண்டி வாவிக் கரையிலே மன்னன் சிறீ விக்கிரம இராசசிங்கன் காலத்து மேக மதிலைக் காண்போர் இதே பாடத்தைச் சிறிய அளவிலே கற்கலாம். மதிலின் அடி சீராக ஓடுகின்றது. முகப்போ அலை அலையாக எழுந்து தாழ்கின்றது. அலை விளிம்பின்மேல் ஒரு நூலைப் படியவிட்டுப் பின் நிமிர்த்தி அளந்தால், அடியின் நீளத்தினும் அது மிகுந்திருக்கும்.

இவ்வழியின் வேர் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு வட்டத்தின் உள்ளும் புறமும் 96 பக்க உருவங்களை வரைந்து, சுற்றளவை இரண்டுக்கும் இடையிலே சிறைப்படுத்தினார். நம் பாரதத்து ஆரியபடர் 499ஆம் ஆண்டிலே, விட்டம் 20,000 ஆயின் சுற்றளவு 62,832க்கு அண்மையது என்றார். இருபதாம் நூற்றாண்டிலே பிரான்சின் மோட்டார்த் தொழிற்சாலைகளில், சித்ரோவன் நிறுவனத்துக் காஸ்தெல்ஜோவும் ரெனோ நிறுவனத்துப் பெசியேயும் சில புள்ளிகளைக் கொண்டே வளைகோட்டை ஆளும் முறையை வகுத்தனர். இன்று கணினியில் கோட்டோவியம் வரையும் மென்பொருள்கள் அம்முறையையே கையாளுகின்றன. மூன்றாம் படியிலமைந்த அத்தகைய கோட்டின் நீளத்தைப் பொதுவாக எளிய வாய்பாடு ஒன்றினாற் பெற இயலாது. ஆகவே கணினியும் கோட்டைச் சிறு துண்டுகளாக வகுத்து, அவற்றின் அளவுகளைக் கூட்டியே விடை தருகின்றது. வேண்டிய நுட்பம் கிட்டும்வரை துண்டுகளை மேலும் சிறிதாக்குகின்றது.

கடுகண்ணாவைச் சரிவிலே சங்கிலி பிடித்தவன் செய்ததும் இதுவே. ஒரு வேற்றுமை உண்டு. கணினித் திரையிலே கோட்டை நீட்டுவதற்கு விரலசைவு போதும். மலையிலே அதே கோடு நீண்டபோது, நீண்ட ஒவ்வோர் அடியையும் ஒரு மனிதன் மண்வெட்டியோடு நின்று வெட்டவேண்டியிருந்தது. கண்டி வீதியின் மைல் எண்ணிக்கையைச் சொல்லும்போது அவ்வுழைப்பையும் சேர்த்தே எண்ணுதல் வரலாறு கற்போர் கடனாகும்.