பசிக்கு வேறு பெயர்: தகடூரும் தேய்பிறை அஷ்டமியும்

விரதம் பற்றி நம்மவர்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டு வகை. மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு மேலே போவது ஒன்று. 'வயிற்றுக்கு ஓய்வு' என்று விஞ்ஞானச் சாயம் பூசிக் காப்பாற்றுவது மற்றொன்று. விரதத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பது இரு தரப்புக்கும் உறைப்பதில்லை. எந்த நாள், எந்தச் சாமி, எதைத் தின்னக்கூடாது, பட்டினிக்குப் பதிலாக என்ன கேட்கலாம் என்பதெல்லாம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளால் முடிவு செய்யப்பட்டவை. தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் இருக்கிற அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் மாதந்தோறும் நடக்கும் தேய்பிறை அஷ்டமி, இந்தக் கைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வாய்ப்பான இடம்.

அன்றைக்குக் கூட்டம் சொல்லி மாளாது. சேலம், கிருஷ்ணகிரி மட்டுமில்லாமல் கர்நாடகத்திலிருந்தும் வருகிறார்கள். சாம்பல் பூசணியை இரண்டாகப் பிளந்து, உள்சதையைத் தோண்டி எடுத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுகிறார்கள். பலர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு வந்தவர்கள். கேட்பது என்ன? கடன் தீரணும், கேஸ் முடியணும், பகையாளி ஒதுங்கணும். கிருத்திகையோ சஷ்டியோ இருப்பவர்கள் பிள்ளை வரத்தையும் கல்யாணத்தையும் கேட்பார்கள். இங்கே நிற்கிற வரிசை வட்டிக்கும் வழக்குக்கும் நிற்கிறது. 'இது எப்ப இருந்து?' என்று கேட்டால் 'அதியமான் காலத்துல இருந்துங்க' என்று பதில் தயாராக இருக்கும். போருக்குப் புறப்படும் முன் மன்னன் தன் வாளைப் பைரவர் கையில் வைத்து வணங்கினான் என்பது அங்கே சொல்லப்படும் கதை.

அதியமான் என்றால் எந்த அதியமான்? சங்கப் பாட்டில் வருகிற நெடுமான் அஞ்சி அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுக்கிறான், கோவலூரை அழிக்கிறான், தகடூர்ப் போரில் சாகிறான். அவனைப் பாடியவற்றில் பைரவர் பேச்சே கிடையாது. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அசோகனின் கட்டளைகளில் வரும் 'சதியபுதோ' என்ற பட்டத்தோடு இவனைச் சேர்த்துச் சொல்கிறது. அவன் பேரால் செதுக்கப்பட்ட அந்த எழுத்து இருப்பது ஒரு குகைப் பள்ளியில். துறவிகளுக்குக் கொடுத்த உறைவிடம் அது. பிற்கால அதிகைமான்களில் ஒருவனான விடுகாதழகிய பெருமாள், போளூர் அருகே திருமலையில் தன் முன்னோன் எழினி வைத்த யட்சன், யட்சி உருவங்களைச் செப்பனிட்டதாகக் கல்லில் வெட்டியிருக்கிறான். இந்த இரண்டுக்கும் நடுவில், நொளம்பர்கள் தகடூரை ஆண்ட காலத்தில், 878ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு இதே ஊரில் சமணப் பசதி ஒன்று எழுந்ததைச் சொல்கிறது. ஆக, தகடூரின் பழமை என்று கையை நீட்டினால் விரல் முதலில் சமணத்தின் பக்கமே போகிறது.

அஷ்டமிக்கும் அந்தப் பக்கத்தில் பழைய பாத்தியதை இருக்கிறது. சமண இல்லறத்தார் அஷ்டமியும் சதுர்த்தசியும் உண்ணாமல் இருக்க வேண்டும். அருங்கலச்செப்பு போன்ற தமிழ்ச் சமண ஒழுக்கநூல்கள் பேசும் போசத நோன்பு இதுதான். பௌத்தர்களின் உபோசதமும் இதே பிறைக் கணக்கில் வருவது. அதன் பிறப்புக் கதையை வினய பிடகமே ஒளிக்காமல் சொல்கிறது: மற்றச் சமயத்துப் பரிவிராசகர்கள் எட்டாம் நாளும் பதினான்கு, பதினைந்தாம் நாட்களும் கூடுகிறார்கள், மக்கள் அங்கே போகிறார்கள், நாமும் கூடலாமே என்று பிம்பிசாரன் புத்தரிடம் யோசனை சொல்கிறான், அவரும் ஒத்துக்கொள்கிறார். புனித நாள் ஒன்று கைமாறியதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சமயப் பிரதி வேறு இருக்குமா தெரியவில்லை.

உடனே, பசதியில் சமணர் இருந்த அஷ்டமிதான் பைரவருக்குப் போய்விட்டது என்று ஒரு கோடு கிழிக்கத் தோன்றும். நம்மில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சைவக் கோயில் எதைக் கண்டாலும் அடியில் ஒரு தீர்த்தங்கரரைத் தோண்டப் பார்ப்பது. ஆயிரம் வருஷ இடைவெளியை ஒரு திதியின் பெயரைக் கொண்டு அடைத்துவிட முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது தொடர்ச்சியைவிட அர்த்தம் புரண்டிருப்பது. போசதத்தில் உடம்பை ஒடுக்குவது வினையை உதிர்ப்பதற்காக. எதிரி என்று யாரும் வெளியே இல்லை. இன்றைய அஷ்டமியில் எதிரிக்கு ஊரும் பேரும் உண்டு, சில சமயம் சர்வே நம்பரும் உண்டு.

சைவ மரபுக்குள்ளேயே பைரவர் விரதத்தைத் தேடினால் இன்னொரு ஆச்சரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் சைவ வினாவிடையில் விரதங்களை வகுக்கும்போது, வைரவக் கடவுளுக்குச் செவ்வாய்க்கிழமையையும் சித்திரைப் பரணியையும் ஐப்பசிப் பரணியையும் தருகிறார். மாதாந்திரத் தேய்பிறை அஷ்டமி அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் பைரவரின் நட்சத்திரம் பரணி. திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் பிள்ளைக்கறி சமைத்த கதை சித்திரைப் பரணியில்தான் விழாவாகிறது. அந்தக் கதையில் பட்டினி கிடப்பது சாமி. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் உண்பேன் என்று வந்து நிற்கிற பைரவ வேடத்தார் அவர். பக்தன் வேலை சோறு போடுவது. இன்று இது தலைகீழ். பக்தன் பட்டினி கிடக்க, சாமி வடைமாலை போட்டுக்கொள்கிறார். காசி வழியாக வந்த வருடாந்திரக் காலபைரவாஷ்டமியை மாதாமாதம் என்று பெருக்கியதில்தான் இந்த விரதத்தின் இன்றைய வடிவம் உருவாகியிருக்கிறது என்பது என் கணிப்பு.

அந்தப் பெருக்கலுக்கு ஒரு கருவி வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் படிக்காத கண்ணும் பார்த்துவிடும். தேய்பிறை எட்டாம் நாளின் அரைநிலா நடுராத்திரிக்கு மேல் எழுவது. காவலுக்குப் போனவன் பார்த்தால் உண்டு. ஆகவே இந்த நாளைப் பஞ்சாங்கம் வைத்திருப்பவர்தான் ஊருக்குச் சொல்லவேண்டியிருந்தது. அப்போதும் அஷ்டமி, நவமி என்று சொன்னது விலக்குவதற்காக. அன்று நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள், கடன்கூட வாங்க மாட்டார்கள். சிவகாசியில் அச்சாகும் தினசரி காலண்டர் மளிகைக்கடை அன்பளிப்பாக ஒவ்வொரு சுவருக்கும் வந்து சேர்ந்தபின் திதி ஐயர் வீட்டை விட்டு வெளியே வந்தது. இதைச் சனநாயகமாதல் என்று கொண்டாடவும் தயக்கமாக இருக்கிறது. ஐயர் வாயில் இருந்த அதிகாரம் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஆனாலும் விலக்கப்பட்ட ஒரு நாள் கூட்டம் கூடும் நாளாக ஆனதற்கு இதுவும் பேருந்தும் இல்லாமல் முடிந்திருக்காது.

சொற்களின் பயணம் தனிக்கதை. நோன்பு தமிழ்ச் சொல். நோற்றல் என்றால் தாங்குதல், பொறுத்தல். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் உயிர் விடுவது உண்ணா நோன்பால். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து இறந்ததைக் கல்லே சொல்கிறது. இந்தக் கனமான சொல் பிறகு என்ன ஆயிற்று? முஸ்லிம்கள் அதை ரமலானுக்கு வைத்துக் காப்பாற்றினார்கள். சேலம், கோவைப் பக்கம் அது 'நோம்பி' ஆகி, கிடா வெட்டிச் சாப்பிடுகிற பண்டிகைக்குப் பேராயிற்று. இந்துக்களின் வீட்டில் விரதம் என்ற வடசொல் உட்கார்ந்துகொண்டது. இடையில் பேச்சுத் தமிழ் தனக்கென்று 'ஒருசந்தி', 'ஒருபொழுது' என்று வைத்திருந்ததில் ஒருசந்தியைக் கத்தோலிக்கர்கள் தவக்காலத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். தருமபுரியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் உண்டு. தெலுங்கில் 'ஒக்கபொத்து', கன்னடத்தில் 'ஒப்பொத்து'. மூன்று மொழியிலும் ஒரே சேர்க்கை: ஒரு பொழுது மட்டும் உண்பது. சாமி பேர் அதில் இல்லை. எத்தனை வேளை என்ற கணக்கு மட்டும் இருக்கிறது.

இந்தக் கணக்குதான் என்னை உறுத்துகிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தருமபுரி 1965 வரை அந்தச் சேலத்தின் பகுதி. மழை பொய்த்தால் ஒருபொழுதுகூட நிச்சயமில்லாத மண். வருஷம் முழுக்க ஒருவேளை உண்டவர்களைப் பார்த்து 'விரதம் இருக்கிறார்கள்' என்று யாரும் சொன்னதில்லை. விரதம் என்று பெயர் வைக்க முதலில் வீட்டில் சோறு இருக்கவேண்டும். அரிசிச் சோற்றை விலக்கிப் பலகாரம் உண்பது விரத ஒழுங்கு. பலகாரம் என்ற சொல்லே பலாகாரம், அதாவது பழ உணவு என்பதிலிருந்து வந்தது. அரிசியை நோம்பிக்கு நோம்பி கண்ட கேழ்வரகுக் களிக்காரன் எதை விலக்குவான்? ஏகாதசிக்கு ஒரு வீட்டில் கேழ்வரகு அடை விரதம், அடுத்த தெருவில் அதே தானியம் அன்றாடக் கூழ். விரத விதிகளை எழுதிய நாவலரே 1870களின் பஞ்சத்தில் யாழ்ப்பாணத்தில் கஞ்சித்தொட்டி நடத்தினார். ஒரே மனிதர் இரண்டு பசியையும் பார்த்திருக்கிறார், ஆனால் வினாவிடையில் ஒன்றுக்குத்தான் இடம்.

இதற்காக அஷ்டமி வரிசையில் நிற்கிற பெண்ணை ஏமாளி என்று சொல்ல நான் தயாரில்லை. குழு வட்டிக்காரன் வீட்டு வாசலில் நிற்கிறான். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. அவள் பட்டினிக்கு இதுவரை பெயர் இருந்ததில்லை. சாப்பாடு போதவில்லை என்றால் அவள் பங்குதான் குறையும், வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். 'இன்னைக்கி அஷ்டமி, நான் ஒருசந்தி' என்று அவள் சொல்லும்போது அந்தக் குறைவு அவள் எடுத்த முடிவாகிறது. அடுப்படியை விட்டுப் பஸ் ஏறவும் அது அனுமதி. பசியை அவள் ஒழிக்கவில்லை, தன் பேருக்கு எழுதிக்கொள்கிறாள்.

பூசணி விஷயம் மீதி. சடங்கு மரபில் சாம்பல் பூசணி பலிக்கு மாற்று. தலைக்குப் பதில் காய். கண்ணேறு கழிக்கத் தெருமுனையில் உடைப்பதும் அதைத்தான். பைரவர் கறியும் கள்ளும் கேட்கிற சாமியாக இருந்தவர். 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003இல் தூசு தட்டி நடைமுறைப்படுத்தப் பார்த்ததும், எதிர்ப்பு கிளம்பி 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டதும் நினைவிருக்கும். சட்டத்தால் முடியாததைப் பூசணி சத்தமில்லாமல் செய்திருக்கிறது. இங்கே அதை உடைப்பதுகூட இல்லை. குடைந்து, விளக்காக்கி, எரியவிடுகிறார்கள். எரிந்து முடிந்த பாதிக் காய்கள் கோயில் ஓரத்தில் குவிந்துகிடக்கின்றன. சமைத்தால் ஒரு தெருவுக்கே கூட்டு ஆகும்.