பழி, பேய், தெய்வம்: ஆனைமலை மாசாணியின் மயானம்

கிணத்துக்கடவுப் பக்கம் உச்சி வெயிலிலும் விளக்கு வைத்த பிறகும் புளியமரத்தடியில் நிற்க விடமாட்டார்கள். காத்துக் கருப்பு அண்டிவிடும் என்பார்கள். அமாவாசை வந்தால் அதே ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைக்குப் போகிறார்கள். அங்கே மயானத்தில் படுத்திருப்பவள் மாசாணியம்மன். ஒதுங்க வேண்டிய சுடுகாடு தேடிப்போகும் இடமானது எப்படி? கொலையுண்ட பெண்ணின் வழக்கு காலந்தோறும் கைமாறிய கதை அது.

பரணர் பாடிய குறுந்தொகை 292ஆம் பாட்டில், இரவெல்லாம் கண்விழித்து மகளைக் காவல் காக்கும் தாயை ஒருத்தி சபிக்கிறாள்: நன்னனைப் போல மீளா நரகுக்குப் போகட்டும் என்று. குறுநில மன்னனான நன்னன் செய்தது என்ன? நீராடப் போன பெண் ஆற்றோடு வந்த அவன் மரத்து மாங்காயைத் தின்றாள். எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொன்பாவையும் தருவதாகச் சொல்லியும் கேளாமல் அவளைக் கொன்றான். குறுந்தொகை 73இல் கோசர் குடியினர் அவன் மாமரத்தை வெட்டிச் சாய்க்கிறார்கள். புறநானூறு 151இல் பெருந்தலைச் சாத்தனார் இளங்கண்டீரக்கோவைத் தழுவிக்கொண்டு, பக்கத்திலிருந்த இளவிச்சிக்கோவைத் தழுவ மறுக்கிறார். இளவிச்சிக்கோ நன்னன் மரபில் வந்தவன். இவற்றில் எங்கும் அந்தப் பெண் பேயாக வரவில்லை. பழிதான் தலைமுறை தாண்டி வருகிறது. அதைச் சுமந்து திரிபவர்கள் புலவர்கள்.

அந்தப் பெண்ணே மாசாணி என்பது ஆனைமலையின் வாய்மொழி மரபு. குறுந்தொகைப் பாட்டில் ஆனைமலை இல்லை. அகநானூறு நன்னனை வேறு மலையான ஏழிற்குன்றத்தோடு சேர்த்துப் பேசுகிறது. ஆகவே பாட்டின் வயதைக் கோயிலுக்கு ஏற்றிச் சொல்வது பொருந்தாது.

7ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிவிடுகிறது. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தர் பழையனூர்க் கதையைக் குறிப்பிடுகிறார்: ஒருத்தி வஞ்சித்து உயிரை வாங்குகிறாள். வஞ்சிக்கப்பட்டுச் செத்துத் தானே திரும்பி வந்தவள் என்று பிற்காலக் கதை சொல்லும், நீலி என்று ஊரே அஞ்சிய பேய் அவள். புலவர் கையிலிருந்த வழக்கை இப்போது செத்தவளே நடத்துகிறாள்.

ஆனைமலையில் கொலையுண்ட பெண் நீதிபதியாகவே ஆகிவிட்டாள். பிணத்தைக் கிடத்துவதுபோலத் தெற்கே தலைவைத்து, கபாலமும் உடுக்கையும் ஏந்திப் படுத்திருக்கிறாள். நகை திருட்டுப் போனவர்கள், கொடுத்த கடன் திரும்பாதவர்கள், பங்காளியிடம் நிலத்தை இழந்தவர்கள் ஆட்டுக்கல்லில் வரமிளகாயை அரைக்கிறார்கள். காந்தல் ஏறிக் கண்ணில் நீர் வழிய, விழுதை அள்ளி நீதிக்கல்லில் அப்புகிறார்கள். குற்றவாளியின் உடம்பு அப்படி எரிய வேண்டும் என்பது வேண்டுதல். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சலித்தவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. எனக்கு அதில் வியப்பில்லை.

குண்டம் திருவிழாவின்போது ஆழியாற்றங்கரை மயானத்தில், நள்ளிரவில், மண்ணாலேயே அம்மனைப் படுத்த கோலத்தில் செய்து பூசை போடுகிறார்கள். பிறகு அந்த உருவத்திலிருந்து பிடிமண் கோயிலுக்குப் போகிறது. இதற்கு நேர்மாறாக, ராஜஸ்தானின் பான்கர் கோட்டைக்குப் பேய்க்கோட்டை என்ற பெயர். பொழுது சாய்ந்தபின் அங்கே நுழையத் தொல்லியல் துறை தடை விதித்திருக்கிறது. ஆனைமலையில் மயான பூசை நடப்பதே பொழுது சாய்ந்த பிறகுதான்.

கொடூரமாக, அநியாயமாகச் செத்தவர்களே தெய்வமாகிறார்கள் என்று ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1985இல் எழுதினார். அதில் ஒன்றைச் சேர்க்கலாம்: தெய்வமான பின்னும் அவர்களுக்கு வேலை இருக்கிறது.  ஆகவே கொங்கு நாட்டில் பேய்க்கதை தொகுக்கக் கிளம்புபவர்கள் எந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், செத்தது யார், கொன்றது யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.