டோனி கிரகரி: ஒரு வாக்கும் ஓர் ஒப்பந்தமும்

கட்சி சாராத ஒரு நாடாளுமன்ற உறுப்பினரால் எவ்வளவு சாதிக்க முடியும் என்ற விவாதம் அயர்லாந்தில் எழும்போதெல்லாம் நினைவுகூரப்படும் பெயர் டோனி கிரகரி. 1982 பெப்ரவரி முதல், 2009 ஜனவரியில் காலமாகும்வரை, மத்திய டப்ளின் தொகுதியின் சுயேச்சை உறுப்பினராக அவர் தொடர்ந்து இருந்தார்.

துறைமுகக் கிடங்குத் தொழிலாளி ஒருவரின் மகனாக 1947இல் டப்ளினில் பிறந்த கிரகரி, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1979இல் மாநகரசபைக்குத் தெரிவானார். கொள்கலன் கப்பல்களின் வருகையால் துறைமுக வேலைகள் அருகி, பாழடைந்த குடியிருப்புகளில் வேலையற்றோர் நிறைந்திருந்த காலம் அது.

1982 பெப்ரவரித் தேர்தலில் 166 இடங்களில் 81ஐ மட்டுமே ஃபியானா ஃபோல் கட்சி வென்றது. அதன் தலைவர் சார்ல்ஸ் ஹோஹியும், ஃபினே கேல் தலைவர் காரட் ஃபிட்ஸ்ஜெரல்டும் கிரகரியின் ஆதரவை நாடினர். கிரகரி பதவி எதையும் கோரவில்லை. மாறாக, வீடமைப்பு, வேலைவாய்ப்பு, மூடப்பட்ட காகித ஆலையொன்றைத் தேசியமயமாக்கல், துறைமுகத்தை ஒட்டிய 27 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்தல் ஆகியவற்றை எழுத்தில் கேட்டார். ஹோஹி கையொப்பமிட்டார், தொழிற்சங்கத் தலைவர் மிக் மலன் சாட்சியானார்.

மார்ச் 9ஆம் திகதி ஹோஹி 86க்கு 79 என்ற வாக்குகளில் பிரதமரானார். கிரகரி எதிர்த்திருந்தாலும் அவர் வென்றிருப்பார் என்று இப்போது கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஆனால் பேச்சு நடந்த நாட்களில், தொழிலாளர் கட்சி என்ற பெயரை அப்போது தன் பெயரோடு இணைத்திருந்த இடதுசாரி ஷின் ஃபெயினின் மூன்று வாக்குகள் எப்பக்கம் என்பது தெளிவாகியிருக்கவில்லை.

நாட்டின் பணத்தை ஒரு தொகுதிக்காகப் பேரம் பேசினார் என்பது அன்று எழுந்த கண்டனம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் ஆதரவுக்கு விலை பேசுவது அயர்லாந்துக்குப் புதிதன்று. அந்த விலையை நாடாளுமன்றத்தில் பகிரங்கமாக வாசித்துப் பதிவு செய்ததே புதிது.

அதே ஆண்டு நவம்பரில் அரசு கவிழ்ந்தது. நகர மையத்தில் சில வீட்டுத் திட்டங்கள் நிறைவேறின. பெரும்பகுதி ஏட்டோடு நின்றது. அந்தத் துறைமுக நிலப்பகுதியில், 1987இல் மீண்டும் பிரதமரான அதே ஹோஹியின் காலத்தில், சர்வதேச நிதிச் சேவை மையம் எழத் தொடங்கியது.

கிரகரியின் நீடித்த பங்களிப்பை வேறிடத்தில்தான் தேடவேண்டும். எண்பதுகளில் தம் தொகுதியைச் சீரழித்த ஹெராயின் பற்றி, பிறர் பாராமுகமாக இருந்த வேளையில் அவர் இடைவிடாது பேசினார். போதைப்பொருள் வணிகர்களைச் சிறையிலடைப்பது மட்டும் போதாது, அவர்களின் சொத்துகளைப் பறிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1996 ஜூனில் பத்திரிகையாளர் வெரோனிகா கெரின் கொல்லப்பட்ட பின்னரே அரசு விரைந்தது. காவல்துறை, வரித்துறை, சமூகநலத்துறை அதிகாரிகள் இணைந்து இயங்கும் குற்றச் சொத்துகள் பணியகம் அவ்வாண்டே அமைக்கப்பட்டது.

கழுத்துப்பட்டி அணியாமலேயே அவைக்கு வந்துபோன அவரது இடத்துக்கு 2009 ஜூனில் நடந்த இடைத்தேர்தலில், அவரோடு பணியாற்றிய மொரீன் ஓ'சலிவன் சுயேச்சையாகவே நின்று வென்றார். 2020 வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.