அயாவாஸ்கா சடங்கு

பெரு நாட்டு அமேசான் மழைக்காட்டில் இரவில் கூட்டாக நடைபெறும் ஆன்மிகக் குணப்படுத்தல் சடங்கு. கெச்சுவா மொழியில் 'அயா' என்பது இறந்தோரையும் ஆவியையும், 'வாஸ்கா' கொடியையும் குறிக்கும். உக்காயாலி ஆற்றங்கரைகளில் வாழும் சிப்பிபோ-கொனிபோ மக்கள் இதில் பெயர்பெற்றவர்கள்.

அயாவாஸ்கா கொடியையும் சக்ருனா இலையையும் பல மணிநேரம் கொதிக்கவைத்துக் கசப்பான கஷாயம் எடுக்கிறார்கள். இலையிலுள்ள, மனக்காட்சிகளை எழுப்பும் டிஎம்டி என்னும் பொருளை மட்டும் விழுங்கினால் குடலும் ஈரலும் அதைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள ஹார்மின் அந்தச் சிதைவைத் தடுக்கிறது. இந்தச் சேர்க்கையைக் கண்டறிந்த காட்டு மக்களின் அறிவு வியக்கத்தக்கது.

மலோக்கா எனும் கூரைவேய்ந்த பெரிய குடிலில் இருளில் அமர்ந்து அருந்துவர். வாந்தி வருவது வழக்கம். அதை உடலும் மனமும் கழுவப்படுவதாகவே கொள்கின்றனர். சடங்கை நடத்தும் மரபு மருத்துவர் பாடும் 'இக்காரோ' பாட்டுகளே அதன் உயிர். மருந்தைக் காட்டிலும் பாட்டே குணமாக்குகிறது என்பது சிப்பிபோ நம்பிக்கை.

2008இல் பெரு அரசு இம்மரபறிவைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. இக்கீத்தோஸ், புக்கல்பா நகரங்களைச் சுற்றி இன்று வெளிநாட்டினருக்கான தங்கல் முகாம்கள் பல உள்ளன. சிலவற்றில் பாலியல் அத்துமீறல்களும் உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. பெண்களின் பாதுகாப்பைப் பொருட்படுத்தாத முகாம் எதுவும் குணமளிக்கும் இடமாகாது.

மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்களும் இதய நோயாளிகளும் இக்கஷாயத்தை அருந்தக்கூடாது. சில மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.