தேனி ரயில்: வந்தது, போனது, மறுபடியும் வந்தது

ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பது எங்கள் தேனிப் பக்கத்தில் ஒரு தனிக்கலை. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போகிறேன்.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை வந்தபின் கம்பம் பள்ளத்தாக்கில் விளைச்சல் பெருகியது. மேலே மலையில் ஏலக்காய். இவையெல்லாம் மதுரைக்குப் போக வழி வேண்டாமா? 1928-ல் மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. தூரம் சுமார் 90 கி.மீ. இரண்டாம் உலகப் போரில் இரும்புத் தேவைக்காகத் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள்! 1950களில்தான் ரயில் திரும்பி வந்தது.

1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாகி, அரசு பஸ்கள் பெருகின. 1996-ல் தேனி தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பிறகு மருத்துவக் கல்லூரி என்று எல்லாம் வர, கூட்டமும் கூடியது. சரியாக இந்த நேரத்தில், 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, அகலப்பாதை வேலைக்காக ரயில் நிறுத்தப்பட்டது. தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே 26. போடிக்கு 2023 ஜூன் 15. பன்னிரண்டு வருடங்கள் போய்விட்டன!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பெட்டியில் 90 பேர் என்றால் பத்துப் பெட்டியில் 900 பேர். பஸ்சுக்கு 55 சீட் என்று வைத்தால் இது பதினாறு பஸ்சுக்குச் சமம்.

ஆனால் சீட் இருந்தால் மட்டும் போதுமா? 2022-ல் வந்த ரயில் காலையில் மதுரையிலிருந்து தேனிக்கு வந்து, மாலையில் திரும்பியது. காலையில் மதுரைக்கு ஆஸ்பத்திரி, காலேஜ் போகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்? அவர்கள் அதே பஸ்சில்தான் தொங்கினார்கள்.

இன்னொன்று. தேனியைத் தாண்டியதும் தண்டவாளம் மேற்கே போடிக்குத் திரும்பிவிடுகிறது. சின்னமனூர், உத்தமபாளையம், எங்கள் ராயப்பன்பட்டி, கம்பம் பக்கமெல்லாம் ரயிலே கிடையாது. திண்டுக்கல் - குமுளி ரயில் பாதை என்பது நெடுங்காலக் கோரிக்கை. கேரள ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் போகும் கூலித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்களில் அடைந்துகொண்டு மலை ஏறுகிறார்கள். அந்த வளைவுகளில் நடந்த விபத்துகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

ஆக, எத்தனை வண்டி என்பது பாதிக் கேள்விதான். எந்த நேரத்துக்கு, எந்தத் திசையில், யாருக்காக என்பது மீதிப் பாதி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?