அளந்த கருவியை அளந்தது யாரு?

1/ வீட்டுல பிபி மெஷின் இருக்கா? அது காட்டுற எண் சரிதானான்னு எப்பவாவது சோதிச்சுப் பாத்திருக்கீங்களா? இந்தக் கேள்வியைச் சரியா கேக்காததால ஹப்பிள் தொலைநோக்கிக்கே பார்வை மங்கின கதை இது.

2/ 1990 ஏப்ரல் 24. டிஸ்கவரி விண்கலம் ஹப்பிளை ஏத்திக்கிட்டுப் போச்சு. இரண்டே மாசத்துல விஷயம் தெரிஞ்சிடுச்சு. படம் தெளிவா இல்ல. 2.4 மீட்டர் அகலமுள்ள முதன்மைக் கண்ணாடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் அதிகமா தட்டையாகியிருந்தது. தலைமுடித் தடிமன்ல ஏறக்குறைய ஐம்பதுல ஒரு பங்கு!

3/ கவனமில்லாம தேய்ச்சாங்களா? இல்ல. அமெரிக்காவின் டான்பரியில பெர்கின்-எல்மர் நிறுவனம் ரொம்ப நேர்த்தியா மெருகேத்தின கண்ணாடி அது. கோளாறு, வளைவைச் சரிபார்த்த ஒளியியல் கருவியில. அதுக்குள்ள ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி இருந்தது.

4/ எப்படி? லென்ஸோட இடத்தைக் குறிக்க ஓர் அளவுத் தண்டு வச்சிருந்தாங்க. தண்டின் நுனியில ஒளி பட்டுத் திரும்பணும். நுனிமேல இருந்த மூடியில பட்டுத் திரும்பக்கூடாதுன்னு பூச்சு அடிச்சிருந்தாங்க. ஒரு இடத்துல பூச்சு உரிஞ்சிருந்தது. ஒளி மூடியிலயே திரும்பிடுச்சு. அதையே நுனின்னு நம்பிட்டாங்க. லென்ஸ் பொருந்தலையா? வாஷர் வச்சு இட்டு நிரப்பினாங்க!

5/ இதைவிடக் கொடுமை ஒண்ணு உண்டு. வேற இரண்டு சோதனைக் கருவிகள் பிழையைக் காட்டியே இருக்கு. 'நம்ம முதல் கருவிதான் அதிகத் துல்லியம்'னு அவற்றை ஒதுக்கிட்டாங்க.

6/ விசாரணையப்போ அந்தக் கருவி பிரிக்கப்படாம அப்படியே இருந்தது. அதை அளந்துதான் பிழையின் அளவைக் கணிச்சாங்க. 1993 டிசம்பர்ல என்டெவர்ல போன விண்வெளி வீரர்கள், அதுக்கேத்த திருத்தும் கருவிகளைப் பொருத்தினாங்க. நாம பவர் பாத்துக் கண்ணாடி போடுற மாதிரிதான்.

7/ டாக்டரா எனக்கு இதுல ஒரு பாடம் இருக்கு. ஒரு கருவி பத்து தடவையும் ஒரே எண்ணைக் காட்டலாம். பத்து தடவையும் அது தப்பாவே இருக்கலாம். மாத்திரையோ அந்த எண்ணை நம்பித்தான் எழுதப்படுது.

8/ அதனால அடுத்த தடவை டாக்டரைப் பாக்கப் போகும்போது வீட்டு மெஷினையும் கையோட கொண்டு போங்க. அதே கையில, சில நிமிஷ இடைவெளியில, இரண்டு மெஷின்லயும் பாருங்க. எண்கள் ஒத்துவரலையா? பிடிச்ச எண்ணை எடுத்துக்காதீங்க, மூணாவது மெஷின்ல பாக்கச் சொல்லுங்க. மாத்திரையை மட்டும் நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.