வில்லிபுத்தூரை எந்த மாவட்டத்தில் தேடுவது?

ஆண்டாள் பிறந்த ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. புத்தகங்களில்தான் அது மாவட்டம் மாவட்டமாக அலைகிறது. 1910-க்கு முன் அச்சான அரசு நூல் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் திருநெல்வேலியில் தேட வேண்டும். அந்த ஆண்டு மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சில பகுதிகளைப் பிரித்து ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா, அதற்குள் இருந்த ராஜபாளையத்தோடு, அங்கே போயிற்று. 1985-ல் ராமநாதபுரம் மூன்றாகப் பிரிந்தபோது இரண்டு ஊர்களும் காமராஜர் மாவட்டத்துக்கு வந்தன. பின்னாளில் அதுவே விருதுநகர் மாவட்டம் ஆனது.

இது தெரியாமல் தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான். ஸ்டூவர்ட் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கையேடு 1879-ல் வந்தது. கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881-ல் வந்தது. இரண்டும் தாலுகா நெல்லையோடு இருந்த காலத்தவை. பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர்தான் பலருக்கும் பெயர் தெரிந்த நூல். ஆனால் அது வெளியானது 1917-ல். தாலுகா கைமாறி அதற்குள் ஏழு ஆண்டு ஆகிவிட்டது. 1972-ல் வந்த ராமநாதபுரம் மாவட்ட கெஜட்டியரைத்தான் அடுத்தபடியாகப் புரட்ட வேண்டும். ஊரின் பழைய செய்தி ஒன்றைச் சரிபார்க்க நினைப்பவருக்கு ஊர்ப் பெயரோடு ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். இணையத்தின் தேடல் பெட்டி இதைச் சொல்லித் தருவதில்லை.

சரிபார்க்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1875-ல் தொடங்கிய பென்னிங்டன் பொது நூலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. திருநெல்வேலி கலெக்டராக இருந்த பென்னிங்டனின் பெயர் அதற்கு. சென்னையின் கன்னிமாரா நூலகம் பொதுமக்களுக்குத் திறந்தது 1896-ல். தலைநகரை 21 ஆண்டு முந்திக்கொண்டது ஒரு கோயில் ஊர்! அதுவும் ரயில் எட்டிப் பார்க்காத ஊர். விருதுநகர்–தென்காசிப் பாதை வந்ததே 1927-ல்தான். புத்தகக் கட்டுகள் கடைசிக் கட்டத்தில் மாட்டு வண்டியில்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த நூலகம் தொடங்கிய நாளில், சந்தேகம் தீர்க்கத் தமிழில் என்ன இருந்தது? சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் 1862-ல் வந்த வின்ஸ்லோ அகராதி இருந்தது. ஊர், ஆள், நிகழ்ச்சி பற்றி அகர வரிசையில் சொல்லும் நூல் எதுவும் இல்லை. முதலில் யாழ்ப்பாணம் முந்திக்கொண்டது: ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம், 1902. அடுத்து வந்தது ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் தனியாளாகத் தொகுத்தது அது. அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தவருக்குப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக நூல் வெளிவந்தது. விரிவான இரண்டாம் பதிப்பு 1934-ல், தொகுத்தவர் மறைந்த பிறகு வந்தது.

சிந்தாமணியைத் திறந்தவர் சீக்கிரம் மூடுவதில்லை. ஆழ்வார், அரசன், அசுரன், மூலிகை, தலம், சாஸ்திரம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எது வரலாறு, எது புராணம் என்று முதலியார் பிரித்துக் காட்டமாட்டார். அது படிப்பவர் பொறுப்பு. குறைதான். ஆனாலும் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு என்று நினைத்தால் குறை சொல்ல நா எழாது.

குழுவாக உட்கார்ந்து, துறை அறிஞர்களிடம் கட்டுரை வாங்கித் தொகுக்கும் முறை சுதந்திரத்தோடு வந்தது. அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார் 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். கழகம் எடுத்த பெரிய வேலை கலைக்களஞ்சியம். முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். முதல் தொகுதி 1954-ல் வந்தது, இணைப்போடு பத்தாவது தொகுதி 1968-ல் முடிந்தது. சிறுவர்களுக்கான குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968-க்கும் 1976-க்கும் இடையில் இன்னொரு பத்துத் தொகுதியாக வந்தது. பாட்டெழுதிப் பெயர் பெற்ற தூரன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த இருபது தொகுதிகளுக்குக் கொடுத்தார் என்பதைச் சங்கீத ரசிகர்கள் பலர் அறியமாட்டார்கள்.

இந்த இடத்தில் ராஜபாளையம் கதைக்குள் வருகிறது. கலைக்களஞ்சிய வேலை நடந்துகொண்டிருந்த 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்புக்கு வந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசாமி ராஜா. 1952 வரை அவர் ஆட்சி. அவிநாசிலிங்கம் காலத்தில் 1948-ல் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது இவர் காலத்தில், 1950-ல். வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்கி ஊருக்கு ஊர் நூலகம் திறக்க வழி செய்த சட்டம் அது; சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. பின்னால் ஒரிசா கவர்னராகவும் இருந்த ராஜா, ராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். முதலமைச்சராக இருந்தவர் குடியிருந்த வீட்டையே பொதுவுக்கு எழுதிக் கொடுப்பது அன்றைக்கும் அதிகம் நடந்த காரியமில்லை.

அதே ராஜபாளையத்தில், இணையம் வராத காலத்தில், ஒரே மனிதர் ஒரு நூலகம் செய்ய வேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தார். மு. கு. ஜகந்நாத ராஜா பல மொழி கற்றவர். பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதவையும் தமிழாக்கினார். ஆண்டாள் கதையைச் சொல்லும் அந்தக் காவியத்தின் களமே ஸ்ரீவில்லிபுத்தூர்தான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரைப் பற்றி விஜயநகரப் பேரரசர் எழுதியதை, தெலுங்கு பேசும் ராஜுக்கள் நிறைந்த ராஜபாளையத்தில் உட்கார்ந்து ஒருவர் தமிழாக்கியிருக்கிறார். சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இனி இணையம். முதல் பெரிய முயற்சி அரசுடையது அல்ல. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்துக்காக உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். திருப்பாவையின் 30 பாட்டும் நாச்சியார் திருமொழியின் 143 பாட்டும் இன்று கைப்பேசியில் கிடைப்பதற்கு அப்படிப்பட்டவர்கள்தான் காரணம். 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இப்போது அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். தூரனின் இருபது தொகுதிகளும் அதன் தளத்தில் இருக்கின்றன. பழைய நூல்களின் ஸ்கேன் பக்கங்களுக்கு அதே கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் இலங்கையைச் சேர்ந்த இ. மயூரநாதன் எழுதிக் குவித்தார். 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிற்று. ஈழத்து நூல்களுக்கு 2005-லிருந்து நூலகம் திட்டம்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் போன வழி வேறு. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரி சாண்ட்லர் 1913-ல் தொடங்கி, வையாபுரிப்பிள்ளை முடித்த அகராதி அது. ஆறு தொகுதிகள், 1924 முதல் 1936 வரை. இன்று அதைத் திறப்பது சிகாகோ பல்கலைக்கழகம் நடத்தும் தெற்காசிய மின்னூலகத் தளத்தில். பழைய இம்பீரியல் கெஜட்டியரும் அங்கேயே இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் குறிப்பு அதில் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

இத்தனை இருந்தும் ஒரு சாதாரணக் கேள்வி தடுமாற வைக்கிறது. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்? ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரைக் கேட்டாலும் வடபத்ரசாயி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரம் என்பார்கள். பள்ளியிலும் அப்படித்தான் படித்தோம். ரசிகமணி டி.கே.சி. சொன்ன யோசனை என்று சொல்வோரும் உண்டு. 1949-ல் முத்திரையை வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ். அவர் வரைந்தது மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரத்தை வைத்துத்தான் என்பது எதிர்த் தரப்பு. இணையத்தில் இரண்டும் உறுதியான குரலில் கிடைக்கின்றன. ஒரு தளத்தைப் பார்த்து மற்றது எழுத, அதைப் பார்த்து வேறொன்று எழுத, பத்து இடத்தில் இருப்பதாலேயே உண்மை என்று ஆகிவிடுகிறது. அரசாணையையோ ஓவியரின் சொல்லையோ காட்டாமல் தீர்ப்புச் சொல்லும் பக்கத்தை, அது யார் பக்கம் பேசினாலும், நம்பக் கூடாது. நல்ல தளத்துக்கும் மோசமான தளத்துக்கும் வித்தியாசம் இதுதான்: முன்னது எங்கே எடுத்தேன் என்று சொல்லும். விக்கிப்பீடியாவில் கட்டுரையைவிடக் கீழே இருக்கும் அடிக்குறிப்புகள்தான் பல நேரம் உருப்படியானவை.

இன்னொரு குறை, தளங்களுடையது இல்லை, நம்முடையது. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தது, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதெல்லாம் நொடியில் தெரிந்துவிடும். பஞ்சாலை எப்படி வந்தது, பேண்டேஜ் துணி நெசவு யாரால் பரவியது, ரயில் வருவதற்கு முன் சரக்கு எப்படிப் போனது என்று கேட்டால் பதில் மெலிகிறது. அந்தச் செய்திகள் ஆலை வெள்ளி விழா மலர்களிலும் கும்பாபிஷேக மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் பழைய கணக்குப் பேரேடுகளிலும் பரண்மேல் இருக்கின்றன. இந்த இரண்டு ஊர்க்காரர்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் பக்கங்களை ஸ்கேன் செய்து மின்னூலகங்களில் ஏற்றுங்கள். தாளைப் பக்கத்து நூலகத்தில் கொடுங்கள். எந்த ஆண்டு, எந்த அச்சகம் என்பதை அட்டையில் எழுதிவைக்க மறக்காதீர்கள்.